சுண்டெலிக்கு மூன்று சுழி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவுக்கு நடந்தது. அக்கா வீட்டிலிருந்தபடி மற்றவர்களின் புத்தகங்களைத் தட்டச்சு செய்துகொடுப்பவள். என் கையெழுத்து புரிகிற ஒரே ஜீவன் என்பதால் இதையும் அவள்தான் அடிக்கிறாள். [ஆமா. இந்த மாதிரி அடைப்புக்குள்ள பேசறதெல்லாம் நான்தான். தலையெழுத்து.]

2

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்…' [மண்டையைப் பிளக்கிற வெயில்டா அன்னிக்கு.] சரி, வெயில்.

ஊரார் புத்தகங்களை அடித்து அடித்து, அக்கா ரகசியமாகத் தானும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். அதன் ஒரே பிரதி அவளுடைய மின்னஞ்சலில் இருந்தது. அன்று போனில் ஒருவன், "உங்க மெயில்ல வைரஸ் புகுந்துடுச்சு மேடம். பாஸ்வேர்டு சொன்னா காப்பாத்திடலாம்" என்றான். நாவல் போய்விடுமே என்று அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லிவிட்டாள்.

"சுண்டெலி."

"தப்புன்னு வருது மேடம்."

"மூணு சுழி 'ண்' போட்டீங்களா?"

"எப்படிப் போட்டாலும் வரலை. பொய் சொல்றீங்களா?"

"யாரைப் பார்த்துப் பொய்ங்கறே? வைடா போனை!"

3

இங்கே எனக்கொரு சபலம். 'எல்லாம் தெரிந்த அக்கா, வேண்டுமென்றே ஒரு பொய்ச் சொல்லை…' [அடிக்கமாட்டேன். நான் நல்லா ஏமாந்தேன். அப்படியே எழுது.]

நடந்தது இதுதான். அவள் விரல்கள் பழைய தமிழ்த் தட்டச்சு எந்திரத்தில் பழகியவை. கடவுச்சொல் வைத்த நாளிலிருந்தே, கணினி ஆங்கிலத்தில் இருப்பதைக் கவனிக்காமல், தமிழ் எழுத்துகள் இருக்கிற இடங்களில் 'சுண்டெலி' என்று தட்டியிருக்கிறாள். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். உள்ளே பதிவானதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தரகோளம். தன் கடவுச்சொல் தனக்கே தெரியாமல் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாள் மகராசி! திருடன் என்ன செய்வான், பாவம். அன்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

4

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்தது. காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு மென்பொருள் மூன்று, வாரந்தோறும் புதுக் கடவுச்சொல், கேமராவுக்கு மேல் ஒட்டு என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"இத்தனையும் பண்ணினா நாவலை எப்போடா எழுதறது?" என்றாள். "எது போனா உக்காந்து அழுவேனோ, அதுக்குப் பூட்டு போட்டா போதும்."

அப்படியே முடிவானது. ஒரு புதிய கடவுச்சொல். அதற்குமேல் உள்ளே நுழையக் கைபேசிக்கு வரும் எண், அதை எவன் கேட்டாலும் சொல்வதில்லை. கணினி கேட்கும்போது தள்ளிப்போடாமல் புதுப்பிப்பது. நாவலின் இன்னொரு பிரதி பென் டிரைவில், பீரோவுக்குள். அவ்வளவுதான்.

5

போன் செய்தவன் பிடிபடுவதாக ஒரு முடிவு வைத்திருந்தேன். [அழிச்சுட்டேன். அவன் பிடிபடலை.] சரி வாசகரே, உங்கள் கணினியில் எது போனால் உட்கார்ந்து அழுவீர்கள்? அதை வைத்து நீங்களே இந்தக் கதையை…

[தம்பி, கொஞ்சம் நிறுத்து. இப்பத்தான் பக்கத்து ஃபைல்ல என் நாவலோட கடைசி வரியை அடிச்சேன். கீழே 'முற்றும்'னும் போட்டாச்சு! அடுத்தவங்க புத்தகத்துக்கெல்லாம் எத்தனையோ தடவை அடிச்ச வார்த்தைடா, இன்னிக்கு எனக்கே எனக்கு. உன் கதைக்கு அதைத் தரமாட்டேன், போ.]