மோட்டார் போடும் நேரம்

ரகுராமின் கம்ப்யூட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செத்துப்போனது. மற்ற நாட்களில் அதற்கு ஒரு குறையும் கிடையாது. வினாத்தாள் அடிக்கலாம், படம் பார்க்கலாம், நாள் முழுக்க ஓட விடலாம். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெங்களூரில் இருக்கும் மகள் ஜாஹ்னவியோடு விளையாட உட்கார்ந்தால்தான், அரை மணி போல ஆனதும் டப்பென்று திரை கறுத்துவிடும்.

மனைவி மேகனா மகளை அழைத்துக்கொண்டு பெங்களூர் போய் எட்டு மாதம் ஆகிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணுடன் போனில் பேசினால் மூன்று நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. சாப்பிட்டியா, படிச்சியா, அவ்வளவுதான். கட்டைகளை அடுக்கி ஊர் கட்டும் இந்த விளையாட்டில் அப்படியில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் வழியில் இருக்கும் காவிரிப் பாலத்தை ஜாஹ்னவி கட்டிக்கொண்டிருந்தாள். ரகுராம் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டிக் கல் எடுத்துவந்து கரையில் உள்ள பெட்டியில் போடுவார். அவள் எடுத்து அடுக்குவாள். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மைக்கில் அவர் பேசிக்கொண்டே இருப்பார். இயற்பியல் வாத்தியாருக்குச் சொல்ல விஷயமா இல்லை?

அந்த ஆறும் பாலமும் அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அவள் அங்கிருந்து உள்ளே வந்து போவாள். ஆகவே இது அணைந்தால் ஆறு, பாலம், மகள் எல்லாம் ஒன்றாக மறைந்துவிடும். மறைந்ததும் அவர் பதறிக்கொண்டு போன் செய்வார்.

“கட் ஆயிடுத்தாப்பா? பரவால்லப்பா” என்பாள். அதோடு சரி.

இப்படியே போனால் ஒருநாள் அவள் வருவதையே விட்டுவிடுவாள் என்ற பயம் அவரைத் தின்றது. ஐந்தாவது ஞாயிறும் அணைந்தபோது, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சிங்காரத்தோப்பில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பரக்கத் அலியின் கடைக்குப் போனார். பரக்கத் அலி இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார்.

“மெஷின் கல்லு மாதிரி இருக்கு சார். நானும் என் மச்சானும் கேம் ஆடியே தேச்சுட்டோம், ஒரு தடவைகூட அணையல. கோளாறு உங்க வீட்லதான்.”

“வீட்ல என்ன பாய் கோளாறு?”

“அத வாத்தியார் நீங்கதான் சொல்லணும். எத்தனை மணிக்கு அணையுதுன்னு பாருங்க. கம்ப்யூட்டரே குறிச்சு வச்சிருக்கும்.”

குறித்துத்தான் வைத்திருந்தது. கடைசி மூன்று ஞாயிறுகளில் பத்து இருபத்தாறு, பத்து முப்பத்தொன்று, பத்து இருபத்து நாலு. ஞாயிறு அந்த நேரத்தில் இந்த வீட்டில் என்னதான் நடக்கிறது என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தவருக்குக் கீழே துணி துவைக்கும் கல்லில் ‘பட், பட்’ என்று சத்தம் கேட்டது போலிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மாடியை அவருக்கு வாடகைக்கு விட்டுக் கீழே குடியிருக்கும் கோதைநாயகி மாமி ஞாயிறுதான் பெட்ஷீட்டெல்லாம் துவைப்பாள். தொட்டி காலியாகும். மோட்டார் போடுவாள்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். பழைய வீட்டில் மாடிக்கும் கீழுக்கும் ஒரே லைன். அந்தக் கணத்தில் மாடியில் வோல்டேஜ் சரியும். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் பாகம் ஒன்று உண்டு. சும்மா இருக்கும்போது அந்தத் தேக்கமே போதும், கண் சிமிட்டும் நேரத்தைத் தாண்டிவிடும். விளையாட்டு ஓடும்போது படம் வரையும் கார்டு முழுப் பசியில் இருக்கும். தேக்கி வைத்தது போதாமல் எல்லாம் அணைந்துவிடும். என்ன அழகான கோளாறு!

மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

“நான் மோட்டார் போட்டா நோக்குக் கம்ப்யூட்டர் அணையறதா? நன்னா இருக்கே கதை! நீ நேக்குப் பாடம் நடத்தாம ஒரு மெஷினை வாங்கி மாட்டு.”

வாங்கினார். பரக்கத் அலி ஒரு யு.பி.எஸ். கொடுத்தார். மின்சாரம் சரிந்தாலும் போனாலும் அதன் பாட்டரி கால் மணி நேரம் தாங்கும்.

சனிக்கிழமை மாலை, கண்டுபிடித்ததை இன்னொரு முறை சரிபார்த்துவிடலாமே என்று விளையாட்டின் சொந்தக் குறிப்பைத் திறந்தார். யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்று அது தனியாக எழுதி வைக்கும். முதல் இரண்டு ஞாயிறுகளில், ஜாஹ்னவி வந்த வரி இருந்தது. போன வரி இல்லை. இருக்கவும் முடியாது. அணைந்துபோன கம்ப்யூட்டர் எதையும் எழுதாது.

மூன்றாவது ஞாயிற்றில் போன வரி இருந்தது. பத்து பதினாலு, ஜாஹ்னவி வெளியேறினாள்.

கம்ப்யூட்டர் அணைந்தது பத்து இருபத்தாறுக்கு.

நான்காவது ஞாயிறு பத்து பதினொன்று. ஐந்தாவது பத்து ஒன்பது. கடிகார வித்தியாசமோ என்று பார்த்தார். இரண்டு குறிப்பும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை. நெட் அறுந்திருக்குமோ? அறுந்தால் வேறு காரணம் எழுதும். இது அவளாகவே பொத்தானை அழுத்தி வெளியேறியது. அந்த வரி திரை மூலையிலும் சில நொடி வந்திருக்கும். சுரங்க இருட்டில் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கவனிக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு பத்து ஒன்பதிலிருந்து பத்து இருபத்து நாலு வரை என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்தார். வெயிலில் இரும்பு நீளும், அதனால் பாலத்தில் துண்டுக்குத் துண்டு இடைவெளி விடுவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். “புரியறதாடி ஜானு?” என்றுகூடக் கேட்டார். பதில் வராததை, கவனமாகக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு பத்து மணிக்கு அவள் வந்தாள். ரகுராம் சுரங்கத்துக்குப் போகவில்லை. கரைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். வாரக்கணக்காக அவர் வெட்டிப் போட்ட கல்லெல்லாம் அப்படியே இருந்தது. பாலம் ஆற்றின் பாதியில் நின்றது. அதன் முனையில் ஜாஹ்னவியின் உருவம் அசையாமல் நின்றது. அவள் மைக் வழியாகத் தூரத்துச் சிரிப்பும் யாரோ பெண்கள் அவளைக் கூப்பிடுவதும் கேட்டன.

“வரேன்டி, இரு” என்று அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் கேட்டது.

“ஜானு, யாரும்மா?”

“ஃப்ரெண்ட்ஸ்ப்பா. பேட்மின்டனுக்கு. பரவால்ல, வெயிட் பண்ணுவா.” கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். “இன்னிக்கு இன்னும் கட் ஆகலையாப்பா?”

அவர் பதில் சொல்லுமுன் கீழே மோட்டார் உறுமியது. மின்விசிறி ஒரு கணம் தளர்ந்து மறுபடி சுற்றியது. திரை அசையவே இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்து முனையில் மகள் நின்றுகொண்டிருந்தாள், போகவும் மனமில்லாமல், இருக்கவும் மனமில்லாமல்.

ரகுராம் மேஜைக்கடியில் குனிந்தார். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் பயனில்லை, பாட்டரி தாங்கும். யு.பி.எஸ்ஸின் முகப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது நம்பாததுபோல ஒருமுறை ‘பீப்’ என்றது. அழுத்தியபடியே இருந்தார். பச்சை விளக்கு அணைந்தது.

போன் செய்தார்.

“கட் ஆயிடுத்தாப்பா?”

“ஆயிடுத்தும்மா.”

“பரவால்லப்பா!” எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரல் துள்ளியது. “அடுத்த வாரம் பாத்துக்கலாம். பைப்பா.”

“ஜாக்கிரதையா விளையாடு” என்றார். அதற்குள் வைத்துவிட்டிருந்தாள்.

கறுத்த திரையில் அவர் முகம் தெரிந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கீழேயிருந்து மாமி கத்தினாள்.

“டேய் ரகு! மோட்டார் போட்டிருக்கேனே, கம்ப்யூட்டர் அணைஞ்சுதா?”

அவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“இல்ல மாமி” என்றார். “நன்னா தாங்கறது.”