இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

1

இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், என் வாயிலிருந்து. அதுவும் கோயிலுக்குள். பூசாரி பொட்டலத்தைப் பிரித்துச் சிவப்பு அரளியை எடுத்துக் காட்டியதும், "அதெப்படி வரும்?" என்று கத்திவிட்டேன்.

கத்தியிருக்கக் கூடாது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை வைத்துக் கட்டியவன் நான்தான் என்பது எனக்கும் அம்மனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

(வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கம் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்போம். ஒரு இலையில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை, இரண்டும் வெளியே ஒரே மாதிரி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் விட்டுவிடு.)

கணபதி என்ற ஊரைச் சேர்ந்த அங்கப்பக் கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க தம்பிதுரை, எது எப்படி வருமுங்க?"

"இல்லீங்க, இந்த வெயில்ல அரளி இத்தன செவப்பா எப்படி வருமுன்னு கேட்டேனுங்க."

"அம்மன் சொல்லிப்போட்டாளுங்க," என்றார் அவர். "சாந்தாமணிக்குக் காலேஜு இல்லீங்க."

அவருடைய மகள் சாந்தாமணி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கண்கள் குளமாக

[வேண்டாம். குளமாகவில்லை. அவள் பூசாரியிடம் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தாள். கண் குளமாகாத கதாநாயகியை வைத்துக்கொண்டு எந்தப் பத்திரிகையில் கதை போட முடியும் என்று தெரியவில்லை.]

2

இந்த இடத்தில் கதையை முறையாக ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஆரம்பம் ஒன்று: 1936-ஆம் வருஷம் ஜூன் மாதம், கோயமுத்தூரில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு

[சாரல் விழவில்லை. மேலே "இந்த வெயில்ல" என்று நானே சொல்லிவிட்டேன்.]

ஆரம்பம் இரண்டு: பெண் கல்வியே ஒரு தேசத்தின்

[இதை யாரும் படிக்க மாட்டார்கள். என் மனைவி பாவாத்தாள் முதல் மூன்று சொல்லிலேயே எழுந்து போய்விட்டாள்.]

ஆரம்பம் மூன்று: டவுன்ஹால் பக்கம் யாகூப்பின் சைக்கிள் கடைக்கு மேலே, 'தம்பிதுரை கல்லூரிப் பிரவேச ஆலோசனை நிலையம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் சேரலாம், எந்தப் பாடம் எடுக்கலாம், அதற்கு என்ன பரீட்சை என்று அங்கே சொல்லப்படும். சொல்பவன் நான். இண்டர்மீடியட்டை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கணக்கில் தோற்றவன். கல்லூரி வாசலை என்னைப் போல உள்ளும் வெளியும் அறிந்தவர் இந்த ஜில்லாவில் இல்லை.

இது நிஜம் என்பதால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கல்லூரிகள் எல்லாம் பிரவேசப் பரீட்சை வைக்கும்போது ஆலோசனை நிலையம் மட்டும் பரீட்சை வைக்காமல் இருந்தால் மரியாதை இல்லை. ஆகவே நானும் ஒன்று வைத்தேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மேசை மேல் நான்கு பொருள்: போத்தலில் ஊறிய தவளை, வக்கீல் கோட்டு ஒன்று, லாகரிதம் அட்டவணைப் புத்தகம், சின்ன ஏர்க்கலப்பை பொம்மை. பிள்ளை உள்ளே வந்து முதலில் எதைத் தொடுகிறதோ அதுவே அதன் படிப்பு. தவளை என்றால் டாக்டர், கோட்டு என்றால் சட்டம், புத்தகம் என்றால் கணிதம், கலப்பை என்றால் விவசாயக் கல்லூரி.

(உள் குறிப்பு: அந்த மேசையில் என் மதியச் சாப்பாட்டு வாழைப்பழமும் இருந்தது. பதினேழு பேரில் பன்னிரண்டு பேர் அதைத்தான் தொட்டார்கள். அவர்களையும் விவசாயம் என்று எழுதிக்கொண்டேன்.)

"உங்க பரீட்சைல நானும் ஒருக்கா உக்காரட்டுமாங்க?" என்று யாகூப் ஒருநாள் மேலே வந்தான். கோட்டை எடுத்து அதில் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, "நான் வக்கீலுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

சாந்தாமணி அவள் அப்பாவோடு வந்தாள். எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க்கு. நேரே போய்த் தவளைப் போத்தலைத் தொட்டாள். தொட்டாள் என்ன, தூக்கினாள்! ஒரு பெண்பிள்ளை அருவருப்பில்லாமல் தவளையைத் தூக்கியதைக் கண்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. நோட்டில் 'டாக்டர்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

"டாக்டர் ஆகலாமில்ல அம்மணி?" என்று அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஆகட்டுங்க," என்றாள்.

4

அங்கப்பக் கவுண்டர் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்கே சந்தேகம் உண்டு. இவரை நான் கற்பனை செய்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். பைக்காரா மின்சாரம் வந்த முதல் வருஷமே தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் போட்டவர். ஆனால் அதையும் பூக் கேட்டுத்தான் போட்டார்.

"அஞ்சு குதிரைசக்தி மோட்டாருக்குக் கேட்டேனுங்க. செவப்பு வந்துச்சு. சரின்னுட்டு, அடுத்த வெள்ளிக்கெழம மூணு குதிரைக்குக் கேட்டேனுங்க. வெள்ள வந்துச்சு. இன்னைக்கி வரைக்கும் ஒரு நா நிக்கலீங்க."

"அப்படீன்னா படிப்புக்கும் கேக்கோணுமாங்க?"

"மோட்டாருக்கே கேட்டமுங்க. புள்ளைக்குக் கேக்க வேண்டாமுங்களா? டாக்டர் படிப்புக்கு அனுப்பலாமான்னு கேப்பம். வெள்ள வந்தா மெட்ராசுக்கு அனுப்பறேன். செவப்பு வந்தா அவிநாசி மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பறேன்."

அவிநாசி மாப்பிள்ளைக்கு நாற்பது ஏக்கர். பள்ளிக்கூடத்தில் நான்காவதைத் தாண்டியதில்லை. ஜூன் இருபதாம் தேதி சனிக்கிழமைத் தபாலில் விண்ணப்பம் போகாவிட்டால் அவன்தான். நான் பொது ஆள் என்று பூக்கட்டும் வேலையை என்னிடமே கொடுத்தார்கள்.

கைக்கு எட்டும் தூரத்தில் வெள்ளை வெளேரென்று பூத்த நந்தியாவட்டைச் செடி. யோசித்துப் பாருங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்தால்?

5

வியாழக்கிழமை மாலை கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் இரவு முழுக்க அவர்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தன. வெள்ளிக்கிழமை காலை சவாரி வண்டியில் சாந்தாமணியின் மடியில் கோயிலுக்குப் போயின. பிரித்தால் சிவப்பு.

மற்றவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுக்கப்படாத இரண்டாவது பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, யாகூப்பிடம் விஷயத்தைச் சொல்லி அவன் கடையில் பிரித்தேன். அதிலும் சிவப்பு. என் முடிச்சு எப்போதும் கோணல். இது நேராக, அழகாகப் போட்ட முடிச்சு.

"ஏனுங்க, உங்களாட்டவே ஒரு ஃபிராடு அந்த ஊட்டுல இருக்குதுங்க," என்றான் யாகூப்.

6

யார்? கதை என்றால் ஒரு துப்பு வேண்டும். நான் துப்பறியக் கிளம்பினேன்.

பூசாரியிடம் ஜாடையாகக் கேட்டேன். "அம்மன் சித்தமுங்க," என்றார். சாந்தாமணியின் அம்மா நஞ்சம்மாளிடம் கேட்டேன். "மொதல்ல காப்பி குடிங்க," என்றார். குடித்துவிட்டுக் கேட்டேன். "இன்னொரு டம்ளர் குடிங்க," என்றார். கவுண்டரிடம் கேட்டேன். "பாக்கலாமுங்க," என்றார். எதைப் பார்க்கலாம் என்று இதுவரை விளங்கவில்லை.

எங்கள் ஊரில் மரியாதைக்குக் குறைவில்லை. விடைதான் கிடைக்காது.

[இங்கே அம்மனையே ஒரு பாத்திரமாக்கி, அவளே பூவை மாற்றினாள் என்று எழுதிப் பார்த்தேன். நாலு கைகள் இருந்தும் அவள் வாழைநாரில் முடிச்சுப் போடும் காட்சி எனக்குச் சரியாக வரவில்லை.]

7

ஆகவே முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முடிவு அ: நான் கவுண்டர் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறேன். அவர் மனம் உருகி மகளை டாக்டருக்கு அனுப்புகிறார். [அவர் உருக மாட்டார். சாமியை ஏமாற்றியவன் என்று என்னைக் கிணற்று மோட்டாரில் கட்டிவைப்பார்.]

முடிவு ஆ: அவிநாசி மாப்பிள்ளைக்குப் படிப்பு ஆசை வந்து என் நிலையத்துக்கு வருகிறான். வாழைப்பழத்தைத் தொடுகிறான்.

முடிவு இ: சாந்தாமணி தோட்டத்து மேட்டில் நின்று, ரயில் போகும் திசையையே பார்த்து

[இதை எழுதியபோதுதான் பேனாவை வைத்தேன். மூன்று முடிவு எழுதிவிட்டேன். மூன்றிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறாம் பகுதியில் ஊரில் இருக்கிற எல்லாரிடமும் கேட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அதற்கு முன்னால் கேட்டதும் ஒரே ஒரு தடவை. அதுவும் விடையை நானே சொல்லி, அவள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இப்படிப்பட்டவன் ஆலோசனை நிலையம் வைத்திருக்கிறான்.]

முடிவு எழுதும் உரிமையை இத்துடன் விட்டுவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, என்ன பூ வந்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. இரண்டு இலை, இரண்டு நிறம். வாசகரே, உங்கள் கையில் தருகிறேன். முடிச்சை மட்டும் நேராகப் போடுங்கள். அதற்கு முன் நடந்தது இன்னும் ஒன்றே ஒன்று.

8

செவ்வாய்க்கிழமை யாகூப்பிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கணபதிக்குப் போனேன். கவுண்டர் தோட்டத்தில் இருந்தார். சாந்தாமணி வாசலில் பருத்தி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, செவப்பு வெச்சது நீயா?"

"நீங்க ரெண்டுலயும் வெள்ள வெச்சிருந்தீங்க," என்றாள். "நான் ஒண்ணும் கத்தலீங்களே."

"உன்னைய அனுப்பறதுக்குத்தான் அம்மணி வெச்சேன். இப்ப அவிநாசிக்கல்ல போகோணும்?"

"அஞ்சு குதிரைக்குச் செவப்பு வந்தப்ப அப்பா மோட்டாரே வேண்டாமுன்னு உட்டுட்டாருங்களா? வேற கேள்வி கேட்டாரு. டாக்டருக்குத்தான் அம்மன் வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாளுங்க. வேற கேள்வி இன்னும் யாரும் கேக்கலீங்க."

"ஆனா நீ தவளையத் தூக்குனியே!"

"அதுக்கடியிலதானுங்க லாகரிதப் புஸ்தகம் இருந்துச்சு. தவளைய நவுத்தாம எப்படீங்க எடுக்கறது? நீங்க அதுக்குள்ள எழுதிப்போட்டீங்க." பருத்தியை ஒருதரம் புரட்டினாள். "நீங்க எழுதறப்பவே பொரட்டிப் பாத்தனுங்க, அந்தப் புஸ்தகத்துல ஒம்பதாம் பக்கத்துல ஒரு எண்ணு தப்பா அச்சடிச்சிருக்குதுங்க. அன்னைக்கே சொல்லோணுமுன்னு இருந்தேன்."

மூன்று வருஷம் நான் பரீட்சைக்குக் கொண்டுபோன புத்தகம் அது. அந்தத் துக்கத்தைக் கொண்டாட இது நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவியிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"உனக்கு என்ன படிக்கோணும் அம்மணி?"

"கணக்குங்க. வெள்ளிக்கெழம அப்பாவ அதையே கேக்கச் சொல்லுங்க. இந்தத் தடவ பூவ நீங்க கட்ட வேண்டாமுங்க."