மொட்டை மாடியில் ஒரு காற்றுப் பெட்டி

மெட்ராஸ் இன்னும் மெட்ராஸாகவே இருந்த காலம். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில், கபாலியின் கடையில் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனையோடுதான் பொழுது விடியும். அந்த வாசனை இன்று எங்கே வந்தாலும் ஹம்சாவின் காதில் கூடவே ஒரு மோட்டாரின் சத்தமும் கேட்கும். பக்கத்து வீட்டில் யாரோ ஓயாமல் மாவு அரைப்பது போல, ஒரே சுருதியில்.

மோட்டார் இருந்தது அவர்கள் வீட்டு மொட்டை மாடியில். ஊரின் காற்று எவ்வளவு கெட்டுப்போகிறது என்று கணக்கெடுக்க, மாசு பார்க்கும் மண்டல அலுவலகம் சில வீட்டு மாடிகளில் பெட்டிகளை வைத்திருந்தது. தகரக் கூரை போட்ட புறாக்கூண்டு மாதிரி இருக்கும். கூரைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள். மோட்டார் காற்றை இழுக்க, தூசி தாளில் தங்கிவிடும். தாளை எடுத்துப்போய் எடை போட்டால் மயிலாப்பூர் எவ்வளவு புழுதியை மூச்சோடு இழுத்தது என்று தெரிந்துவிடும். மாடியைக் கொடுக்க ஹம்சாவின் அப்பா வெங்கடரமணன் சம்மதித்தது ஊர் நன்மைக்காக மட்டுமல்ல. கேட்க வந்த பையன் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பையன்தான் சங்கரன். கே.கே. நகரில் அம்மாவோடு இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் பெட்டி ஓடும். அந்த நாட்களில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று வந்து தாளை மாற்றுவான். குழந்தைக்கு முதல் சட்டை போடுகிறவன் போல, புதுத் தாளின் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்து வைப்பான். லஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த ஹம்சா, சாயங்காலத் தாளுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவாள். வந்ததும் துணி எடுக்க மாடிக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் கொடியிலேயே கிடக்கிற துணியின் மேல் பெட்டி ஓடும் நாளில் மட்டும் அவளுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று அம்மா ஜானு ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் காற்றைப் பற்றித்தான். தீபாவளி நெருங்கினால் தி. நகர்த் தாள் கறுத்துவிடும் என்பான். பெருங்குடியில் குப்பை எரிகிற நாளில் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வதைச் சொல்வான். தி. நகரில் ஒரு வீட்டுக்காரர் மாடியிலேயே வெந்நீர் அடுப்பை மூட்டினாராம். பெட்டி தெருவை விட்டுவிட்டு அந்த அடுப்பை அளந்து வைத்தது. மாடியிலேயே புகை இருந்தால் அந்த இடம் செல்லாது என்று அலுவலகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். அதைக் கேட்ட நாளிலிருந்து மாடியில் யாரும் ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று ஹம்சா வீட்டில் சட்டம் போட்டிருந்தாள்.

அந்தச் சட்டத்தை மீறியவளும் அவள்தான். மீறுகிறோம் என்று தெரியாமலே. ஆயுத பூஜை அன்று பெட்டி ஓடும் முறை வந்தது. கீழே தையல் மெஷின், அரிவாள்மணை, அப்பாவின் ஸ்கூட்டர் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. மேலே ஒரு மெஷின் மட்டும் பொட்டில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. பூஜை முடிந்ததும் தூபக்காலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். புகை என்றால் அவளுக்கு அடுப்பு, லாரி, குப்பைமேடு. சாம்பிராணி அந்தக் கணக்கில் வரவே இல்லை. அது வீட்டைச் சுத்தம் பண்ணுகிற சங்கதி. பெட்டிக்குப் பொட்டு வைத்து, தூபத்தைச் சுற்றிக் காட்டினாள். அத்தனை புகையும் ஒரே கோடாகச் சாய்ந்து கூரைக்கு அடியில் போய் மறைந்தது. சாமியே ஏற்றுக்கொண்டது போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தூபக்காலை அங்கேயே வைத்துவிட்டு இறங்கியவள், நெருப்பு அணைந்த பிறகுதான் வந்து எடுத்துப்போனாள்.

அடுத்த வாரம், ஒரு தாள் கறுத்து வந்ததற்குக் காரணம் தேடி, மண்டல அலுவலகத்திலிருந்து ஜீப்பில் ஒரு பொறியாளர் வந்து இறங்கினார். சந்து முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் பட்ட புகைபோக்கி கபாலியுடையது ஒன்றுதான். விசாரணை முடிகிறவரை வறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சந்தில் வாசனை இல்லை. ஹம்சா பள்ளிக்கூடம் கிளம்பியபோது கபாலி கடைவாசலில் குந்தியிருந்தான்.

"இன்னா டீச்சரம்மா, உங்க வூட்டு மாடில கீற பொட்டி என்னிய மாட்டி வுட்டுச்சே" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க நைனாவே என் பொடிலதான் கண்ணு முழிக்கிறாரு. இத்தினி வருசமா வறுத்துக்கினு கீறேன். தீபாவளிக்கு இன்னா பண்றது, பச்சக் கொட்டையா விக்கிறது?"

அன்று மாலை சங்கரன் தாளை மாற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். பூஜை அன்று மத்தியானத் தாள் மட்டும்தான் கறுப்பாம். அதில் பிசுக்கு வேறு, ஏதோ ஒரு வாசனை வேறு. காப்பி வாசனையாகத் தெரியவில்லையாம். ஹம்சாவுக்குத் தூபக்கால் ஞாபகம் வந்தது. துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

சொன்னால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் சங்கரன் இந்தப் படியேறி வர ஒரு முகாந்திரமும் இல்லை. சொல்லாவிட்டால் கபாலியின் அடுப்பு எரியாது. வகுப்பில் பானிபட் யுத்தத்தை நடத்தும்போதும் இதுவேதான் மனசில் ஓடியது. அடுத்த முறை அவன் வந்தபோது அவள் துணி எடுப்பது போல நடிக்கக்கூட இல்லை.

"அந்தத் தாள் கபாலி புகையில்லை. நான்தான்."

சங்கரன் நிமிர்ந்து பார்த்தான்.

"பூஜை அன்னிக்குத் தூபக்காலை எடுத்துண்டு வந்து இதுக்கும் காமிச்சேன். பக்கத்துலயே வச்சுட்டும் போயிட்டேன்."

"பொட்டு வச்சிருந்ததைப் பார்த்தேன். மாமி வச்சதுன்னு நெனச்சுண்டேன்."

"பொட்டும் நான்தான்."

"எதுக்கு?"

"நாள் பூரா ஓயாம உழைக்கறதே, பாவம்னு தோணித்து."

"பெட்டியா?"

 அவள் கொடியின் கிளிப் ஒன்றைத் திறந்து திறந்து மூடினாள். அவன் புதுத் தாளைக் கூரைக்கு அடியில் பொருத்தினான்.

"நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும். சொன்னா இதை இங்கேருந்து எடுத்துடுவா."

"தெரியும். அதனாலதான் அன்னிக்கே சொல்ல வாய் வரலை."

அவன் அப்படியே போய்ச் சொன்னான். பொறியாளர் முதலில் நம்பவில்லையாம். அப்புறம் அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். அந்தத் தாள் கணக்கிலிருந்து நீங்கியது. கபாலி மறுபடி அடுப்பை மூட்டினான். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். அது அடையாறில் வேறொரு மாடிக்குப் போயிற்று.

சத்தம் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது. அம்மாவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. ஹம்சா மாடிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

தீபாவளி முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன் வந்தான். தாள் உறை இல்லை, பை இல்லை. கைகளை எங்கே வைப்பது என்றே தெரியாதவன் போல வாசலில் நின்றான். ஜானு காப்பி கொடுத்தாள். வெங்கடரமணன் பேப்பரை மடித்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். பெட்டியைப் பெயர்த்த இடத்தில் தளத்தில் ஓட்டை இருக்குமே, அதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னான்.

"அதை அன்னிக்கே கொத்தனாரை விட்டுப் பூசியாச்சே" என்றார் அவர்.

சங்கரன் மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"பொய் சொல்லிட்டேன், மாமா. ஹம்சாவைப் பொண்ணு கேக்கத்தான் வந்தேன். அம்மாவை முறையா அழைச்சுண்டு வரதுக்கு முன்னாடி ஹம்சாவையே ஒரு வார்த்தை கேட்டுடணும்னு தோணித்து."

ஜானு கணவரைப் பார்த்தாள். அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "ஹம்சா, உன்னைத்தான் கேக்கறார். என்னால பதில் சொல்ல முடியுமா?"

நிலைப்படியில் வந்து நின்ற ஹம்சாவின் முகம் சிவந்திருந்தது. ஆனால் அவள் குனிந்துகொள்ளவில்லை.

"அடையார்ல இப்ப பெட்டி வச்சிருக்கற ஆத்துல யார் யார் இருக்கா?" என்று கேட்டாள்.

கேள்வி புரிந்ததும் சங்கரன் சிரித்துவிட்டான்.

"ரிடையரான ஜட்ஜ் ஒருத்தர். அவரோட நாய். துணி எடுக்க மாடிக்கு யாரும் வரதில்லை."

"அப்ப சரி" என்றாள் ஹம்சா.