வலது கைப் புறா

இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குப் பிடி செய்கிற கம்பெனி ஒன்றில் ஜீவானந்தம் லைன் சூப்பர்வைசர். ஜப்பானிலிருந்து ஒருவர் வந்து பாடம் எடுத்துவிட்டுப் போனதிலிருந்து, அவருக்கு உலகத்துப் பொருள்கள் எல்லாம் இரண்டே சாதி: வேண்டியது, வேண்டாதது. வேண்டாததன் கழுத்தில் சிவப்புச் சீட்டு கட்டி ஓரங்கட்ட வேண்டும். கம்பெனியில் கட்டியது போதாதென்று ஒரு கற்றைச் சீட்டை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஓடாத சுவர்க் கடிகாரத்துக்கு ஒன்று, பிடி உடைந்த குடத்துக்கு ஒன்று, மாமனார் கொடுத்த பிரம்பு நாற்காலிக்கு ஒன்று.

நாற்காலியில் கட்டியதை மட்டும் அவர் மனைவி கனகம் அவிழ்த்து அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"தெனம் அதுல குந்திக்கினு பேப்பர் படிக்கிறது யாரு? அவரைக் கேட்டுட்டுக் கட்டுங்க."

இப்படிப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டர், 'உன் பழைய ஓஎஸ்ஸுக்கு இந்த மாதத்தோடு பாதுகாப்பு முடிகிறது, புதியதற்கு மாறு' என்று திரையில் முணுமுணுக்க ஆரம்பித்தால் சும்மா இருப்பாரா? சாப்பாட்டு மேஜையில் மீட்டிங் போட்டார். வந்திருந்தது ஒரே ஆள். அவளும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"லைன் நிக்கிற அன்னிக்குத்தான் எந்த மாத்தமும் பண்ணணும். நாளைக்கு ஆயுத பூஜை. ஊர்ல எல்லா லைனும் நிக்கும். பூஜைக்கு முன்னாடி முடிச்சிடறேன்."

"அந்தக் கம்ப்யூட்டர்ல வேலை செய்யறது நானு," என்றாள் கனகம். "ஜாஸ்மின் ப்ளவுஸு பாதியில கீது. அத்த முடிச்சுக் குடுத்துட்டு மாத்திக்கலாம்ங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. பிளான் போட்டாச்சு."

கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கனகத்தின் எம்பிராய்டரி மெஷின் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவள் கம்ப்யூட்டரில் வரைவது வயர் வழியாகப் போகும். ஊசி அதைத் துணியில் போடும். மண்ணூரிலிருந்து ஒரகடம் வரை ஷிப்டுக்குப் போகிற பெண்களின் கல்யாண ரவிக்கைகளில் பாதி அந்த ஊசி கண்டவை. புரட்டாசியில் கல்யாணமா என்று கேட்பவர்களுக்கு: ஜாஸ்மின் வீட்டில் நாள் குறிப்பது ஃபாதர். விஜயதசமிக்கு மறுநாள் சர்ச்சில் திருமணம், சாயங்காலம் ரிசப்ஷன். ரிசப்ஷன் ரவிக்கையில் கைக்கு ஒரு புறா, ஒன்றையொன்று பார்த்தபடி. இடது கைப் புறா முடிந்துவிட்டது. வலது கையை விஜயதசமி காலையில் போட்டுவிடலாம் என்று கனகம் வைத்திருந்தாள்.

ஆயுத பூஜையன்று ஜீவானந்தம் குளித்து, யூனிஃபார்ம் சட்டையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சதவீதம் ஏற ஏறப் படமெடுத்து கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போட்டார். மதியத்துக்குள் புது ஓஎஸ் பளபளவென்று வந்து நின்றது. 'ஜீரோ டிஃபெக்ட்' என்று எழுதினார். கும்பிடுகளும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன.

அப்போதுதான் கவனித்தார். பழைய ஓஎஸ்ஸை அது தூக்கி எறியாமல், மூட்டை கட்டி ஒரு மூலையில் வைத்திருந்தது. இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வேண்டாத மூட்டை, அதுவும் இவர் வீட்டில். அழிக்கும் பொத்தானுக்கு மவுஸைக் கொண்டுபோனார்.

கனகம் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். திரைக்குப் பொட்டு, மெஷினுக்குப் பொட்டு, அவர் கையை விலக்கிவிட்டு மவுஸுக்கும் ஒரு பொட்டு. ஷட்டவுன் கொடுத்து சுவிட்சை அணைத்தாள்.

"இனிமே காலைலதான் தொடணும்."

"ஒரே ஒரு கிளிக்கு கனகம்."

"கம்பெனில பொட்டு வச்ச மெஷினை ஓட்டுவீங்களா?"

ஓட்டமாட்டார். ஜப்பான்காரரே வந்து சொன்னாலும் ஓட்டமாட்டார். பொரிகடலையை வாங்கிக்கொண்டு பிரம்பு நாற்காலிக்குப் போனார்.

விஜயதசமி காலையில் கனகம் வலது கைத் துணியைச் சட்டத்தில் மாட்டி, கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். மெஷின் கல்லாக நின்றது. அப்படியொரு மெஷின் பக்கத்தில் இருப்பதே புது ஓஎஸ்ஸுக்குத் தெரியவில்லை. ஜீவானந்தம் வயரைப் பிடுங்கி ஊதினார், வேறு துளையில் செருகினார், நெட்டில் தேடினார். மெஷினைச் செய்தவர்கள் புதியதற்கென்று எதுவும் போட்டு வைக்கவில்லை. குரூப்பில் யாரோ, 'சார், எங்க வீட்லயும் இதே மாதிரி பண்ணித் தாங்க' என்று கேட்டிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஜாஸ்மின் கூப்பிட்டாள். "அக்கா, ஆச்சா?"

"ஆவுதும்மா. நீ சாயங்காலம் வந்துடு." போனை வைத்துவிட்டு, கனகம் பெட்டியிலிருந்து கை ஊசியை எடுத்து வெள்ளை நூலைக் கோத்தாள்.

"இன்னா பண்ற?"

"கையால போடறேன்."

"வருமா?"

"புறா வரும். அதே புறா வராது."

அவள் திட்டியிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். அவள் துணியை மடியில் போட்டுக்கொண்டு இடது கைப் புறாவின் அலகைப் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கப் போனாள்.

"இரு கனகம். குத்தாத."

மூட்டை இன்னும் மூலையில்தான் இருந்தது. நேற்று அந்தப் பொட்டு விழாமல் இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது. பழையதற்கே திரும்பிப் போவதற்கு ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தார். தன் லைனில் செய்த எந்த மாற்றத்தையும் அவர் திரும்ப எடுத்ததே கிடையாது. அழுத்தினார்.

'ஏன் திரும்பிப் போகிறீர்கள்?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

ஒரு பீஸ் கெட்டால் ஆபரேட்டரை நிற்கவைத்து ஐந்து முறை 'ஏன்' கேட்கிறவர் ஜீவானந்தம். இப்போது ஒரு 'ஏன்'னுக்கே முழித்தார். கீழே சில காரணங்களும், காரணத்தை விளக்க ஒரு கட்டமும் இருந்தன.

"இன்னா போடறது?"

"நடந்ததைப் போடுங்க."

'ஓட்டுகிறவர் வேண்டாம் என்றார். சூப்பர்வைசர் கேட்கவில்லை' என்று கட்டத்தில் தட்டினார். கனகம் எட்டிப் பார்த்தாள். கை ஊசியை நூலோடு பெட்டியில் திரும்பக் குத்தி வைத்தாள்.

பழையது திரும்பி வந்தது. மெஷின் ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டர் ஊர் வம்புக்குப் போகாமல் இருக்கட்டும் என்று ஜீவானந்தம் நெட் வயரைப் பிடுங்கி, சட்டைப்பையில் கிடந்த சிவப்புச் சீட்டை அதில் கட்டினார். பிறகு பிரம்பு நாற்காலியை இழுத்துவந்து மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஜாஸ்மின் வந்தபோது புறாவுக்குக் கண் மட்டும் பாக்கி. ஊசி ஏறி இறங்குவதை மூன்று பேரும் பார்த்தார்கள். கனகம் இரண்டு கைகளையும் எதிரெதிரே பிடித்துக் காட்டினாள். புறாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"சிஸ்டம் வேலையெல்லாம் அண்ணன்தான் பாத்துக்கறாராக்கா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"ஆமாம்மா," என்றாள் கனகம், நூலை வெட்டியபடி. "வயர் புடுங்கறதுல அவரை அடிச்சிக்க ஆளே கெடையாது."