ஈரக்கை பட்ட பலகை

மர டிப்போவின் தகரக் கூரைக்கு அடியில், சாய்த்து நிறுத்திய பலகைகளுக்கு நடுவே தச்சரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். மேஜை செய்யச் சொல்லியிருந்த பேங்க் மேடம் இன்னும் வரவில்லை. தச்சர் ஓரிடத்தில் நிற்காமல் ஒவ்வொரு பலகையையும் விரல் கணுவால் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புதுமாப்பிள்ளை தோற்றான், முகத்தில் அத்தனை பூரிப்பு. இருக்காதா பின்னே? இத்தனை வருஷமாகப் பட்டறை முதலாளி நீட்டும் படத்தைப் பார்த்து அதே கட்டில், அதே நாற்காலி என்று செய்து அலுத்துப்போன மனுஷன். மேடம் பட்டறைக்கு வந்து, "கடையில இருக்கற மாதிரி வேணாம். நீங்களே யோசிச்சு, நீங்களே மரம் பாத்து, எங்க வீட்ல மட்டும் இருக்கற மாதிரி ஒரு சாப்பாட்டு மேஜை செஞ்சு குடுங்க" என்று சொன்ன நாளிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கால்ல வெந்நி ஊத்தின மாதிரி ஆடாதீங்க. செத்த உக்காருங்க," என்றாள் மனைவி.

"நீ மொதல்ல மூக்க மூடு."

அவள் சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

பட்டறையில் அவளுக்கு உப்புத்தாள் அக்கா என்று பெயர். தச்சர் இழைத்துப் பொருத்தியதை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. போன முறை ஈட்டி மரத்தில் ஒரு கட்டில் தேய்த்தபோதுதான் வினை வந்தது. அந்தக் கருஞ்சிவப்புத் தூள் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு அவளைப் படுக்க விடவில்லை. "மத்த மரம்னா மூக்குல துணியக் கட்டிக்கிட்டு வேலை பாருங்க. இது மட்டும் உங்களுக்கு ஆகவே ஆகாது. மறுபடி தொட்டா நுரையீரல் தாங்காது" என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார். அதை முதலாளி காதில் போட முடியுமா? இருமுகிற ஆளுக்கு வீடுதான் இடம் என்று பாலிஷ்காரரை அவர் அனுப்பியதை எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் அந்தப் பாலிஷ்காரரை எந்தப் பட்டறையிலும் யாரும் பார்க்கவில்லை.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் வரும் வழியிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். மேடத்தை எப்படியாவது பலா மரத்தில் நிறுத்திவிட வேண்டும். ஈட்டிப் பக்கம் திரும்பவே விடக் கூடாது.

மேடம் வந்தார். நல்ல மனுஷி. வந்ததும் வராததுமாக, "வெயில்ல நிக்க வச்சுட்டேனே" என்று மன்னிப்புக் கேட்டார். "அவர் போனதுக்கப்புறம் எங்க வீட்ல ஆளுக்கொரு மூலையில தட்டத் தூக்கிட்டுப் போயிடறாங்க தச்சரே. எல்லாரையும் ஒண்ணா உக்கார வைக்கணும். அதுக்குத்தான் இந்த மேஜை."

"அதான் மேடம், மூலையே இல்லாம முட்டை வடிவத்துல யோசிச்சிருக்கேன். இவங்க தலைப்பக்கம், அவங்க கடைசிங்கற பேச்சே வராது. யார் எங்க உக்காந்தாலும் எல்லார் மூஞ்சியும் எல்லாருக்கும் தெரியும்," என்று தச்சர் காற்றில் கையால் வரைந்து காட்டினார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

தச்சர் அவரைப் பலாப் பலகைகளிடம் அழைத்துப் போனார். "இதப் பாருங்க. நாளாக நாளாகத்தான் இதுக்கு அழகு ஏறும். உங்க பேரன் பெரியவனாகும்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கும்."

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெளிறிக் கிடக்கோ?"

"இருங்க மேடம், பாலிஷ் போட்டா எப்படி வரும்னு காட்டறேன்," என்று மனைவி முன்னால் வந்தாள். மூலையில் இருந்த வாளித் தண்ணீரில் கையை நனைத்துப் பலாப் பலகையில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஈரம் பட்டால் போதும், பாலிஷ் போட்ட பிறகு வரப்போகும் நிறத்தை மரம் அப்போதே காட்டிவிடும். வெளிறிய மஞ்சளுக்குள்ளிருந்து பொன்னாக ரேகைகள் எழுந்து வந்தன.

"அட!" என்றார் மேடம். "அப்போ இதையே..."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிய மாதிரி. கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மரத்தைக் கண்டால் சும்மா போகத் தெரியாத கை அது. ஜவுளிக்கடையில் சிலருக்குத் துணியைத் தொட்டுப் பார்க்காமல் நகர முடியாது பாருங்கள், அந்த மாதிரி. ஈரம் இருந்தால் பக்கத்துப் பலகையில் துடைத்து அதன் நிறத்தையும் பார்த்துவிடும். அவள் கண் மேடத்தின் மேல் இருந்தது. கை, தன் பழக்கத்தில், பின்னால் நின்ற பலகையில் துடைத்துக்கொண்டது.

தச்சரின் முகம் விழுந்ததைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். உள்ளங்கை இழுத்த தடம் முழுக்கக் கருஞ்சிவப்பு. அதற்குள் கறுப்புக் கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடின.

"அம்மாடி! இது என்ன மரம்?" என்றார் மேடம்.

அவள் ஈரக்கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு தச்சர், "ஈட்டி மேடம். அது வேணாம். கனம். அப்புறம் விரிஞ்சிடும்," என்றார். மரத்தைப் பற்றிப் பொய் சொல்லிப் பழகாத நாக்கு தடுமாறியது.

டிப்போக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னண்ணே கதை விடறீங்க! பழைய வீட்டு உத்தரத்த அறுத்த பலகை. இதுவே விரியும்னா வேற எந்த மரந்தான் நிக்கும்?"

மேடம் தச்சரைப் பார்த்தார். "ஏன் தச்சரே, இதுல செய்ய உங்களுக்கு இஷ்டமில்லையா? முதலாளிகிட்ட வேணா வேற ஆளக் கேக்கட்டுமா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்," என்று மனைவி முந்திக்கொண்டாள். "நல்ல மரந்தான். நகத்தறதுக்குக் கனமா இருக்குமேன்னு பாத்தார். அவ்வளவுதான். இவர் கையாலயே செய்வார்."

திரும்பும் வழியில் தச்சர் தலையைக் குனிந்தபடி நடந்தார்.

"திட்டிடுங்க. உம்முன்னு வராதீங்க," என்றாள்.

"உன்னத் திட்டி என்ன ஆகப் போவுது."

"பாழாப்போன கை."

அவர் நின்றார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அந்தக் கையைப் பிடித்து, இன்னும் ஈரம் மிச்சமிருந்த விரலிடுக்குகளைத் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.

மேஜை உருவாயிற்று. தேய்க்கிற வேலை வந்ததும் தச்சரே உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். முதலாளி பார்த்துவிட்டு, "உங்க வேலைய விட்டுட்டு இது என்ன? அந்தம்மா வேடிக்கை பாக்கவா வருது? முடியலன்னா சொல்லுங்க, ஆள மாத்திடறேன்," என்றார். அவள் எழுந்து வந்து புருஷன் கையிலிருந்து உப்புத்தாளை வாங்கிக்கொண்டாள். அவரால் முடிந்ததெல்லாம் செய்தார். தூள் முகத்துக்கு வராதபடி மின்விசிறியை அவள் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தார். மூக்கில் கட்டும் துணியை அடிக்கடி நனைத்துக் கொடுத்தார். முதலாளி வெளியே கிளம்பினால் ஓடி வந்து அவளை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து தேய்த்தார். ஆனாலும் இருமல் வந்தது. வீட்டில் அவள் புடவையை அலசினால் தண்ணீர் கருஞ்சிவப்பாக ஓடியது.

"பாருங்க, செலவில்லாம சாயம் ஏறுது என் புடவைக்கு," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

"சிரிக்காத. வயித்தெரிச்சலா இருக்கு."

"சனியன் புடிச்ச மரம்," என்றாள் அவள். "ஆனா என்னா அழகுங்க!"

மேஜையை மேடம் வீட்டில் இறக்கியபோது அவளும் போனாள். கடைசித் துடைப்பு எப்போதும் அவள் கையால்தான். குளுகுளுவென்று ஏசி ஓடும் அறை. மகன்கள், மருமகள்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவள் இருமலை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள். மருமகள் குழந்தையின் முகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் போனாள்.

மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கைக்குழந்தை இருக்கு. கொஞ்சம் வெளிய நிக்கறீங்களா? தண்ணி குடுத்து அனுப்பறேன்."

"அதுக்கென்ன மேடம், பரவால்ல."

துணியைத் தச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கூடவே வர எழுந்தவரை, இருங்க என்று கண்ணால் அமர்த்தினாள். பிறகு வீட்டைச் சுற்றிப் போய் ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

உள்ளே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். "தலைப்பக்கமே கிடையாது, பாத்தீங்களாடா!" என்று மேடம் பூரித்துப் போனார். கீறல் விழுந்துவிடும் என்று பெரிய மகன் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேஜை முழுக்கப் போர்த்தினான். தச்சர் எதையோ சரிபார்ப்பவர் போல் ஜன்னல் பக்கத்து ஓரத்தை மட்டும் மடித்துவிட்டு, அவளுக்குத் தெரியும்படி துடைத்தார். கறுப்புக் கோடுகள் மின்னின. கண்ணாடிக்கு அப்பால் அவள் சிரித்தாள். சிரிப்போடு இருமலும் கிளம்ப, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மடித்துவிட்ட இடத்தில் மேடம் உள்ளங்கையை ஓட்டினார். "எவ்வளவு வழவழன்னு இருக்கு! எந்த மெஷின்ல போட்டீங்க தச்சரே?"

"மெஷின் இல்ல மேடம். எல்லாம் என் வீட்டுக்காரி கை. அதோ," என்று தச்சர் ஜன்னலைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் யாரும் இல்லை. குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் அவள் மூச்சுப் பட்ட இடம் மட்டும் வெள்ளையாக, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்திலிருந்து காய்ந்து வந்தது.