கழுதைக்குப் பதினொரு தடவை

என் கணவர் கம்ப்யூட்டரில் பனிமலை ஏறத் தொடங்கி நான்கு வருடமாகிறது. ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. கேட்பவர்கள் அசந்துபோவார்கள். அந்த வீரத்தின் லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

ஐந்து பேரையும் மூட்டை சுமக்கும் ஒரு கோவேறு கழுதையையும் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள துறைமுகம்வரை கூட்டிப்போக வேண்டும், அதுதான் விளையாட்டு. வழியில் யாருக்காவது காலில் அடிபட்டால் போதும், சேவ் பண்ணி வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார். ஓநாய் எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்கிறது என்று கடிபட்டுத் தெரிந்துகொண்டு, திரும்பிப்போய், குறிபார்த்து அம்பு விடுவார். விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு வேறு காட்டுவார். ஒருநாள் கழுதை பனிப்பிளவில் விழுந்தது. அதைக் காப்பாற்றப் பதினொரு தடவை திரும்பினார். கதவோரம் நின்று நானே எண்ணினேன்.

அவருக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஊர் கண்ணில் படுவதற்குள் தப்பை அழித்தே பழகிய கை. நான் பார்லரில் முடி வெட்டுகிறவள். கத்தரி ஒரு விரல் அதிகமாகப் போய்விட்டால் போனதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், மறுபக்கத்தையும் அதற்குத் தக்கபடி ஏற்றி வெட்டி, "உங்க முகத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கு" என்று சொல்லி அனுப்ப வேண்டும். என் கையில் அமைந்த நல்ல வெட்டுகளில் பாதி அப்படித் தப்பில் பிறந்தவை. தொழிலில் இருக்கிற சுவாரசியமே அதுதான்.

"ஒரே ஒரு தடவை திரும்பிப் போனாலும் அது ஆட்டமே இல்லைங்க. உப்புசப்பில்லாத வேலை" என்றேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"நீ விளையாடிப் பார்த்தாத் தெரியும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் தினமும் விளையாடிட்டுத்தான் இருக்கேன், கத்தரியோட."

அப்படித்தான் பந்தயம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை. அதில் அவரும் கம்ப்யூட்டரும் குடியிருந்தார்கள். எனக்கோ அங்கே ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி போட்டுச் சொந்தமாகத் தொழில் செய்ய ஆசை. முதலாளியம்மாவின் முறைப்புக்குக் கீழே நின்று நின்று என் கால் நரம்பு புடைத்துவிட்டது. அவர் ஆரம்பத்திலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பாமல் விளையாட வேண்டும். முடித்துவிட்டால் அறை அவருக்கு, நான் இனி வாயே திறக்கக் கூடாது. ஒரு தடவை திரும்பினாலும் அறை எனக்கு. சரி என்றார் மனுஷர். இரண்டு நாள் தாங்க மாட்டார் என்று நினைத்து, கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும் இடத்தைக்கூடப் பென்சிலால் குறித்துவிட்டேன்.

பயணிகளுக்கு அவர் எங்கள் வீட்டு ஆட்களின் பெயரையே வைத்தார். தலைவர் அவர். சமையலுக்கு மாமியார். வேட்டைக்கு நாத்தனார், வழிகாட்ட நாத்தனார் புருஷன். வைத்தியச்சி நான்.

மூன்றாம் நாள் நாத்தனார் புருஷன் ஆற்றோடு போனார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வராமல் இருந்தாரே தவிர, திரும்பவில்லை. அடுத்த வாரம் நாத்தனாரை ஓநாய்கள் முடித்தன. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. டீயோடு போனவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "அந்தப் பக்கம் வேணாங்க, ஓநாய்க் கால்தடம் தெரியுது பாருங்க" என்று சொல்லவும் ஆரம்பித்துவிட்டேன். வெட்கக்கேடுதான். ஆனால் எது போனாலும் திரும்பக் கிடைக்காது என்றான பிறகு அந்த மலைக்கு ஒரு உயிர் வந்திருந்தது. அவர் கை வேர்த்ததை முதல் தடவையாகப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு பனிப்பாலம். தாங்குமா என்று பார்க்க ஒருவரை முதலில் அனுப்ப வேண்டும். அவர் என்னை அனுப்பினார்.

பாலம் பாதியில் உடைந்தது. திரையில் என் பெயர் சாம்பல் நிறமானது.

"கழுதைய அனுப்பியிருக்கலாம்ல?" என்றேன்.

"அது மேல சாப்பாட்டு மூட்டை இருக்கு. நீ வெயிட் கம்மி."

"கழுதைக்குப் பதினொரு தடவை திரும்பினீங்க."

"அது போன ஆட்டம். போனது போனதுதான்னு நீதானே சொன்னே?"

"திரும்பிப் போங்க."

அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். "போனா ரூம் உனக்கு. அதுக்காகக் கேக்கறியா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அறை நினைவிலேயே இல்லை. சாம்பல் நிறத்தில் கிடந்த என் பெயர்தான் கண்ணில் இருந்தது. "நான் சாகக் கூடாது. அவ்வளவுதான். போங்க" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை கழுதையை அனுப்பினார். அது மூட்டையோடு கீழே போனது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாரே ஒழிய, அதற்காகத் திரும்பவில்லை. கையில் இருந்த மிச்சம் மீதியை மாமியார் பங்குபோட, அரைப் பட்டினியாக மூன்று பேர் துறைமுகம் சேர்ந்தோம்.

மறுநாளே கம்ப்யூட்டரைத் தானே தூக்கிக் கூடத்து மூலையில் வைத்தார். "பந்தயத்துல நான் தோத்துட்டேன்" என்றார். முகத்தில் தோற்றவன் களையே இல்லை. நாற்காலி வந்தது, தொட்டி வந்தது, பென்சில் குறியில் கண்ணாடி ஏறியது.

கடை திறந்த அன்று அவரும் ஒரு பரிசு கொண்டுவந்தார். விளையாட்டு முடிந்ததும் வரும் கணக்குப் பக்கத்தை அச்சகத்தில் கெட்டித்தாளில் அடித்து, சட்டம் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்திலேயே தன் கையால் மாட்டினார். சேர்ந்தவர்கள்: 3. திரும்பிய தடவை: 1.

வருகிறவர்கள் அதை ஏதோ சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். "அது என்னக்கா?" என்று நேற்றுக்கூட ஒரு பெண் கேட்டாள். "என் வீட்டுக்காரர் விளையாட்டுல வாங்கினது" என்று சொல்லி அவள் தலையைக் குனியவைத்தேன். திரும்பிய அந்த ஒரு தடவை அவருடையது இல்லை, என்னுடையது.