மஞ்சள் துணிக்குள் இரண்டு சிப்பாய்கள்

"இது காலி. இந்தப் பக்கமும் காலி. வேட்டி மடிப்பையும் அவுத்துக் காட்டட்டுமா?"

"பையக் காட்டுன்னா கேட்டேன்? எங்க வெச்சிருக்கன்னுதான் கேட்டேன், அஜி."

"வெச்சது நீ. உன் வீட்ல, உன் தறிப் பலக மேல. என்ன வந்து கேட்டா?"

"அன்னிக்கு அந்த அறையில நாம ரெண்டு பேருதான் இருந்தோம். நான் ரிக்‌ஷாவுக்கு ஓடினேன். திரும்பி வந்தா நீ இல்ல, அப்புறம் பாத்தா காசும் இல்ல. வேற யாரப் போய் கேக்கச் சொல்ற?"

சொல்லி முடித்த பிறகுதான் ஜரிகைக் கடையில் வேறு ஆட்களும் இருப்பது சிட்டிபாபுவின் கண்ணில் பட்டது. பழைய கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு நெசவாளர்கள் நின்றிருந்தார்கள். கல்லாவில் அஜிதநாதனின் தகப்பனார் ஆதிநாத நயினார். உரைகல்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

அஜிதநாதன் வெளியே இழுத்துவிட்ட ஜிப்பாப் பைகளை உள்ளே தள்ளவில்லை. அவை இரண்டு பக்கமும் வெளுத்துத் தொங்கின.

"போயிடு பாபு," என்றான். குரலை உயர்த்தவே இல்லை.

சிட்டிபாபு தெருவில் இறங்கி நடந்தான். வீட்டுப் பக்கம் போகவேண்டியவன் கால் போன போக்கில் தேரடி வரை போய், ஏன் வந்தோம் என்று தெரியாமல் திரும்பினான்.

அந்தக் காசு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வெண்கலம். ரோமாபுரிக்காரர்கள் மிளகுக்கும் துணிக்கும் கப்பலேறி வந்த காலத்தில் இந்தப் பக்கம் கொட்டிவிட்டுப் போனது. கரூர் ஆற்று மணலில் சலித்தெடுத்த பழைய காசுகள், உடைந்த குண்டா, தாம்பாளத்தோடு சேர்ந்து வீராசாமியின் பழைய இரும்புக் கடைக்கு மூட்டையாக வரும். அங்கிருந்து பாத்திரம் வார்ப்பவர்களின் உலைக்குப் போகும். உலைக்குப் போகுமுன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூட்டைகளைக் கிளறுவது சிட்டிபாபுவும் அஜிதநாதனும் மட்டும்தான். ஊரில் வேறு யாருக்கும் இந்தப் பைத்தியம் கிடையாது. கிடைப்பதில் முக்கால்வாசி வழவழவென்று தேய்ந்துபோயிருக்கும். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் பூ என்றுகூடத் தெரியாது.

இந்த ஒரு காசில் மட்டும் எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் நெற்றியில் மணிமாலை கட்டிய ஓர் அரசன். மறுபக்கம் ஆளுக்கொரு ஈட்டியோடு இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்பார்கள். கிடைத்த நாளிலிருந்து அஜிதநாதன் அதைக் கையில் வாங்கினால் கீழே வைக்கமாட்டான். "இவனுங்க என்னதான் பேசிக்கினு இருக்கானுங்க, பாபு? சம்பளம் வரலன்னா? குளிருதுன்னா?" என்பான். போகும்போது, "இத எனக்குக் குடுத்துடேன்," என்பான். சிட்டிபாபு சிரித்து மழுப்புவான். அவனுக்கும் அப்படித்தான், தறியில் உட்கார்ந்து ஊடைநூல் நாடாவை அடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரும் கண்ணுக்குள் நிற்பார்கள், எங்கோ பனி பெய்கிற ஓர் ஆற்றங்கரையில், இவன் பெயர்கூடத் தெரியாத ஊரில்.

காசு காணாமல்போன அன்றைக்கும் சிட்டிபாபுவின் வீட்டில் இருவரும் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சிட்டிபாபுவின் மனைவி கமலவேணி கூப்பிட்டாள். அவள் கூப்பிட்ட விதத்திலேயே இருவரும் எழுந்துவிட்டார்கள். இதற்கு முன்னால் இரண்டு கரு கலைந்திருந்தது, இது மூன்றாவது. சிட்டிபாபு காசைப் பலகைமேல் வைத்துவிட்டு ரிக்‌ஷா பிடிக்க ஓடினான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "கரு தங்கியிருக்குது, ஆனா படுத்தே இருக்கணும், எழுந்து நடமாடினா நான் பொறுப்பில்ல," என்று சொல்லி அனுப்பினாள். அந்தக் கலவரமெல்லாம் அடங்கிய பிறகுதான் பலகை வெறுமையாக இருப்பதைப் பார்த்தான்.

படுத்திருப்பவளிடம் காசு காணோம் என்று எப்படிச் சொல்வது? தானே தேடினான். தறிக்குழிக்குள் இறங்கி மிதிக்கட்டைக்கு அடியில் தடவினான். பாவு சுற்றிய உருளையை நகர்த்தினான். நெசவு ஓடவில்லை, இழை அறுந்துகொண்டே இருந்தது. அறுந்ததை முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்திருப்பான், வாசலுக்குப் போவான், திரும்ப வருவான், உட்காருவான். மனசு ஒரே ஆளிடம் போய்ப்போய் நின்றது. கடைசியில் கால்களும் அங்கேயே கொண்டுபோய் விட்டன.

கடையில் கேட்டுவிட்டு வந்த பிறகாவது நிம்மதி வந்ததா என்றால், அதுவும் இல்லை. தொங்கிய ஜிப்பாப் பைகள் இரண்டும் கண்முன்னால் ஆடிக்கொண்டே இருந்தன. அந்த வாரம் முழுக்க அவன் ஒரு சாண் நீளம்கூட நெய்யவில்லை. பாயைத் தூக்கி உதறுவதும், அரிசிப் பானைக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவுவதுமாக இருந்தான்.

"இன்னாதான் தேடிக்கினு இருக்கீங்க?" கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த கமலவேணி கேட்டாள். "கண்ணத் தொறந்தா நீங்க குனிஞ்சுக்கினு இருக்கீங்க, மூடினாலும் உருட்டுற சத்தம். எலிக்குக்கூட ஒரு நேரம் காலம் இருக்குது."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பரணையெல்லாம் எறக்கினீங்க?"

அவன் சொல்லிவிட்டான். காசு, பலகை, அஜிதநாதன், கடையில் கேட்டது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு கையை நீட்டித் தறியின் மேல்கட்டையைக் காட்டினாள். அங்கே ஒரு மூலையில், ஆணியில், நெல்லிக்காய் அளவில் ஒரு மஞ்சள் முடிச்சு தொங்கியது.

"நீங்க ரிக்‌ஷாவுக்கு ஓடினீங்களா? அவரு மருத்துவச்சி அங்கம்மாளக் கூப்பிட ஓடினாரு. நான் மட்டுந்தான் இருந்தேன். இதுவும் போயிடும்னு தோணிச்சு. எழுந்து செவத்தப் புடிச்சுக்கினே வந்து, புள்ள வரம் குடுக்குற திருப்புட்குழித் தாயாருக்கு ஒரு காசு முடிஞ்சேன்."

"அதுக்கு என் காசுதானா கெடச்சுது?"

"டப்பாவத் தொறந்து பாத்தேங்க. எல்லாம் அலுமினியம். ஊதினா பறக்குது. அஞ்சு பைசா, பத்து பைசா எல்லாமே அப்படித்தான வருது இப்போ. புள்ள நெலைக்கணும்னு வேண்டிக்கினு கனமே இல்லாதத முடிய மனசு வரல. செம்புல வேணும்னு தேடினேன். பலக மேல அது ஒண்ணுதான் இருந்துது. ஏதோ பழைய தம்பிடின்னு நெனச்சேன்." அவள் மூச்சு வாங்கினாள். "எங்கம்மா வீட்டு வழக்கம், வயித்துப் புள்ளைக்கு முடிஞ்சத அஞ்சாம் மாசம் நெறையிற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. நீங்க தேடறது அதுன்னு சத்தியமா தெரியாதுங்க."

சிட்டிபாபு முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றான். காசு கிடைத்துவிட்டது, இனி அது தன்னுடையது இல்லை. பிள்ளை பிறந்ததும் முடிச்சோடு தாயார் சன்னதி உண்டியலில் போய் விழும். அந்த வருத்தம் வந்த வேகத்திலேயே இன்னொன்று வந்து அதை அமுக்கியது. அஜிதநாதன் அன்றைக்கு வீட்டில் நிற்கக்கூட இல்லை. அங்கம்மாளைக் கூப்பிட ஓடியிருக்கிறான். அந்த அறையில் அவன் தனியாக இருக்கவே இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

பேருந்து நிலையத்தை ஒட்டி வீராசாமியின் கடை. தராசுக்குப் பின்னாலிருந்து வீராசாமி கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"இன்னாபா ஆச்சு உங்களுக்குள்ள? உங்க கூட்டாளி வந்து டப்பாவோட கவுத்துட்டுப் போயிட்டாரு. எடைக்குப் போட்டுக்கோன்னாரு. இத்தினி வருஷமா என் குப்பையக் கிளறி உசுர வாங்கினவரு, இப்ப குப்பைய எனக்கே திருப்பிக் குடுக்குறாரு."

தராசுத் தட்டில் அஜிதநாதனின் காசுகள் கிடந்தன. தேய்ந்தவை, விளிம்பு உடைந்தவை, பாதி முகம் மட்டும் மிஞ்சியவை. ஒவ்வொன்றையும் அவன் எந்த மூட்டையிலிருந்து எடுத்தான், எடுத்தபோது என்ன சொன்னான் என்பது சிட்டிபாபுவுக்கு நினைவிருந்தது.

"உலைக்கு அனுப்பிடாத வீராசாமி."

"அனுப்பறதா இருந்தா உன்ன ஏன் கூப்பிடறேன்? எடுத்துக்கினு போ."

டப்பாவை அணைத்துக்கொண்டு அவன் ஜரிகைக் கடைக்குப் போனபோது, கடை முன்புறத்தில் நயினாரைத் தவிர யாரும் இல்லை. கொல்லைப் பக்கத்திலிருந்து புகை வந்தது. அங்கே போய் எட்டிப் பார்த்தான்.

பழைய பட்டுப்புடவையைக் கொடுத்தால் ஜரிகையை எரித்து, சாம்பலை உருக்கி, வெள்ளியை எடுத்துக் கொடுப்பது அந்தக் கடையின் தொழில். புடவையைக் கொடுத்தவர்கள் முன்புறம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்; கொல்லையில் எவ்வளவு வெள்ளி வந்தது என்று எட்டிப் பார்த்ததாக ஊரில் பேச்சே கிடையாது. நயினார் கடை என்றால் அப்படி. இன்றைக்கு அடுப்பைச் சுற்றி மூன்று பேர், புடவை கொடுத்த ஓர் அம்மாளும் இரண்டு ஆண்களும், நின்றார்கள். கண் எரியும் புகையில் முந்தானையாலும் துண்டாலும் மூக்கை மூடிக்கொண்டு, அஜிதநாதனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து சாம்பலைக் கிளறினான். ஜிப்பா போட்டிருக்கவில்லை; வெறும் பனியன். பைகளே இல்லாத உடுப்பு.

சிட்டிபாபு முன்புறம் திரும்பி வந்து கல்லா முன்னால் நின்றான்.

"நயினாரே, காசு கெடச்சுடுச்சு. அஜி எடுக்கல. தப்பு என்னுது."

நயினார் அவனை உட்காரச் சொல்லவில்லை. "எங்க கெடச்சுது?"

"வீட்லயேதான். எம்பொண்டாட்டி சாமிக்கு முடிஞ்சு வெச்சிருக்கா."

"வாயால சொல்லிட்டா ஆச்சா? நீ அன்னிக்கு வாயாலதான் கேட்ட. அது நாலு பேரு காதுல விழுந்து, நாப்பது பேருக்குப் போயி, இப்ப பாத்தல்ல, எம்புள்ள கைய நோட்டம் பாக்கறாங்க. எடுத்துக்கினு வா. அவங்க முன்னால காட்டு."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சிட்டிபாபு வீட்டுக்கு ஓடினான், பாதி வழியில் நடந்தான், மறுபடி ஓடினான். கமலவேணியிடம் சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தவன், அவள் முன்னால் நின்றதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "அத ஒரு தடவ காட்டணுமாம்," என்று மட்டும் சொன்னான்.

அவள் வயிற்றின்மேல் வைத்த கையை எடுக்காமலே கேட்டாள். "முடிச்ச அவுக்கவா?"

"கொண்டு போயிட்டு வரேன்."

"அவுத்தா வேண்டினத நானே வேணாம்னு சொன்ன மாதிரிங்க. மறுபடி முடிஞ்சா அது வேற காசு, வேற வேண்டுதல்." சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். "எடுத்துக்கினு போங்க. அந்த மனுசன் எனக்காகத்தான் ஓடினாரு. நீங்க அவுக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

டப்பாவை இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் மஞ்சள் முடிச்சை மூடிக்கொண்டு அவன் போனான். கை வியர்த்தது, மஞ்சள் விரல்களில் ஒட்டியது.

அடுப்பு வேலை முடிந்து எல்லோரும் முன்புறம் வந்திருந்தார்கள். தராசில் அந்த அம்மாளின் வெள்ளி கிடந்தது. சிட்டிபாபு அஜிதநாதனின் காசு டப்பாவைக் கல்லாமேல் வைத்தான். அதன் பக்கத்தில், உரைகல்லின் மேல், முடிச்சை வைத்தான். அஜிதநாதன் டப்பாவைப் பார்த்தான், தொடவில்லை.

"இதான் அது," என்றான் சிட்டிபாபு. "அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் வெளிய ஓடின நேரத்துல, புள்ள தங்கணும்னு எம்பொண்டாட்டி முடிஞ்சுட்டா."

"அவுத்துக் காட்டுப்பா," என்றார் நயினார். "இந்தக் கடையில உரசிப் பாக்காம எதையும் நாங்க வாங்கறதில்ல."

"துணிக்குள்ள ஒரு பித்தள வில்ல வெச்சாலும் இப்படித்தான் இருக்கும்," என்றாள் புடவைக்கார அம்மாள், யாரிடமும் சொல்லாத மாதிரி. நின்றிருந்தவர்களில் ஒருவன் சிரித்தான்.

அஜிதநாதன் முடிச்சைக் கையில் எடுத்தான். சாம்பல் படிந்த விரல்கள் துணியின் மேலேயே காசைச் சுற்றி வந்தன. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கீழே வைக்க மனமில்லாமல் திருப்பிய விரல்கள். அவற்றுக்குத் தெரியுமா, தெரியாதா? அவன் முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை. தெருவில் போன இரண்டு பேர் என்ன கூட்டம் என்று படியோரம் நின்று பார்த்தார்கள். அஜிதநாதனின் கட்டைவிரல் நகம் முடிச்சின் நுனிக்கு வந்து, அங்கேயே நின்றது.

கேட்கத் தனக்கு வாய் இருக்கிறதா என்று சிட்டிபாபுவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டான்.

"அவுக்காத அஜி. உள்ள அதுதான் இருக்குது. நான் சொல்றேன், நம்புடா."